குடை வாங்காதவர்கள்



1988-ஆம் வருஷம் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரு பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதற்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே படியுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

அன்றைய பாடம் கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. உங்களில் பலருக்கு நான் நடத்திய பாடம்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனி கப்பல் ஓட்டியது. அதற்குப் போட்டியாக வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தான். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே வெள்ளைக்காரன், "காசே வேண்டாம், சும்மா வா, வந்தால் ஒரு குடையும் தருகிறேன்" என்றான். இந்தக் குடைச் செய்தி பாடத்தில் ஒரே ஒரு வரிதான். பிள்ளைகளுக்குப் பிடித்தமான வரி என்பதால் நான் எப்போதும் கொஞ்சம் அபிநயத்தோடு சொல்வேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். "சார், சும்மா கூட்டிட்டுப் போயி குடையும் குடுத்தா, அப்புறம் எதுக்கு சார் எட்டணா குடுத்து நம்ம கப்பல்ல போனாங்க?"

வகுப்பே சிரித்தது. நான், "தேசபக்திடா, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் முகத்தில் பதில் கிடைத்த களை இல்லை. அவன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எட்டணா என்றால் என்ன என்பது அந்த வகுப்பில் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் அன்று யோசிக்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு படிக்க நேரம் கிடைத்தது. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தக் கம்பெனியின் கதை முழுவதும் அந்தப் பையனின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தது. வ.உ.சி.யின் தியாகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது டிக்கெட் எடுத்தவர்களைப் பற்றி.

முதலில் அந்தக் காலத்துத் தூத்துக்குடியை மனதில் கொண்டுவாருங்கள். தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாகக் கப்பலும் ரயிலும் இணைந்தது 1914-இல்தான். அதற்கு முன்னால் இலங்கைக்குப் போக முக்கியமான வாசல் தூத்துக்குடி. மணியாச்சியிலிருந்து பிரிந்து வரும் ரயில் நேரே துறைமுகத்து ஊரில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து கப்பல் ஏறினால் மறுநாள் கொழும்பு. பிழைப்புத் தேடிப் போகிற கூலி ஜனங்கள், கொழும்பில் கடை வைத்திருக்கும் வியாபாரிகள், அரிசி மூட்டை, துணிக்கட்டு, கருவாடு எல்லாம் இந்த ஒரே வாசல் வழியாகத்தான். அந்த வாசலின் சாவி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியிடம் இருந்தது. ஊரில் அதற்கு ஏஜென்டு ஹார்வி கம்பெனி. கோரல் மில்லும் அவர்களுடையதுதான். அதாவது பஞ்சை நூலாக்குகிறவனும் அவன், கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவனும் அவன்.

இந்த இடத்தில்தான் ஒட்டப்பிடாரத்து வக்கீல் உள்ளே வருகிறார். 1906 அக்டோபர் 16-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். ஆசியாக்காரர்கள் மட்டும்தான் வாங்கலாம். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே எட்டாயிரம் பங்கு, இரண்டு லட்ச ரூபாய்க்கு எடுத்தார். பாரதியார் தம் 'இந்தியா' பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். வ.உ.சி. நன்கொடை வசூல் செய்யவில்லை. உண்டியல் குலுக்கவில்லை. அவர் காலத்தில் அதற்கு வழி இல்லாமலும் இல்லை. கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் அள்ளிக் கொடுத்த ஊர் அது. கேட்டிருந்தால் கப்பலுக்கும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் பங்கு விற்றார், டிக்கெட் விற்றார், சரக்கு ஏற்றக் கூலி கேட்டார். கொடுத்த காசுக்குப் பொருள் உண்டு என்ற ஏற்பாட்டில்தான் அவர் பிடிவாதமாக நின்றார். தானம் கொடுத்தவன் கொடுத்த அன்றோடு புண்ணியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பங்கு வாங்கியவன் அடுத்த மாதமும் வந்து "கணக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பான். டிக்கெட் எடுத்தவன் கப்பல் தாமதமானால் சத்தம் போடுவான்.

இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. எங்கள் அப்பாவின் கடையை நினைத்தபோது புரிந்தது.

உறவுகளுக்குத் தெரியும், எங்கள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். வாசலில் நாலு சாக்கு, உள்ளே ஒரு தராசு, கல்லாப்பெட்டிக்கு மேலே பிள்ளையார் படம். வாடிக்கைக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பற்று. நோட்டில் எழுதிவிட்டுச் சாமான் வாங்கிப் போவார்கள், மாதக் கடைசியில் பாதி தருவார்கள், பாதி நிற்கும். ஒரே ஒரு மனிதர் மட்டும் நேர் எதிர். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் போஸ்ட் மாஸ்டர் தாத்தா. பென்ஷன் வாங்கிய அன்று நேரே கடைக்கு வந்து அந்த மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே எண்ணி வைத்துவிடுவார். பிறகு மாதம் முழுக்க அதில் கழித்துக்கொள்வார். அப்பாவிடம் பற்று நோட்டு இருந்ததுபோல அவரிடம் ஒரு வரவு நோட்டு.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊரில் கையிருப்பு இல்லை, பற்று வசூலாகவில்லை. விருதுநகரில் அப்பா சரக்கு எடுக்கும் மண்டியில் பழைய பாக்கியைக் கட்டாமல் புதுச் சரக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கடையில் பருப்பே இல்லை. அப்பா வெறும் சாக்கை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் போஸ்ட் மாஸ்டர் தாத்தா வந்தார். மூன்று மாதத்துப் பணத்தை எண்ணி வைத்தார். "அண்ணாச்சி, ஐப்பசி வரைக்கும் வரவு வச்சுக்கிடும்" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அன்றைக்கே விருதுநகர் பஸ் ஏறினார்.

இதில் நான் மறக்காதது அடுத்த வாரம் நடந்தது. அதே தாத்தா துவரம்பருப்புப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன அண்ணாச்சி, பருப்புல இம்புட்டுக் கல்லு கெடக்கு? மாத்திக் குடும்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. போன வாரம் உதவி செய்துவிட்டு இந்த வாரம் இப்படியா என்று. ஆனால் அப்பா முகத்தில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று புரிய எனக்கு வெகு காலம் ஆயிற்று. பருப்பில் கல் இருக்கிறது என்று அவர் திட்டியதால் அப்பா கடைக்காரராகவே இருந்தார். அவர் சும்மா இருந்திருந்தால் அப்பா கடன்பட்ட ஆளாகிப் போயிருப்பார்.

சுதேசிக் கப்பலில் எட்டணா கொடுத்து ஏறியவர்களை இப்போது இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கம்பெனிக்கு ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் கப்பலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுக்க, அவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உடனே வ.உ.சி. இலங்கையிலிருந்து ஒரு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்தார். இப்படி இரவல் கப்பலில் எத்தனை நாள் என்றுதான் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி பிள்ளைத்தாய்ச்சி. கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். 1907-இல் காலியா வந்தது, லாவோவும் வந்தது. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம், நாலாயிரம் மூட்டை சரக்கு ஏற்றலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். 1,300 பேரும் ஆளுக்கு எட்டணா கொடுத்தால் சாதாரண வகுப்பில் மொத்தம் 650 ரூபாய். கப்பல் நிறைந்து போனால்தான் அதுவும். கப்பலுக்கு நிறைந்த நாள், காலி நாள் என்று தெரியாது. நூறு பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் கொழும்பு போகிற கரி எரிந்தே ஆகவேண்டும். மாலுமிக்குச் சம்பளம், துறைமுகத்துக்குக் கட்டணம், வாங்கிய கடனுக்கு வட்டி. பங்குக்காரர்கள் போட்ட பணம் கப்பல் வாங்குவதிலேயே கரைந்துவிட்டது. எதிரிக்கு அப்படியில்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு ரங்கூன், கல்கத்தா, பாரசீகக் கரை என்று ஊர் ஊராகக் கப்பல் ஓடியது. தூத்துக்குடியில் ஆறு மாதம் சும்மா ஏற்றிப் போனாலும் அந்த நஷ்டத்தை மற்ற இடத்து லாபத்தில் கழித்துவிடலாம். அவன் காத்திருந்தால் போதும். நம் ஆட்களுக்குக் காத்திருக்க வழியில்லை.

அதனால்தான் குடை. குடை என்றால் இன்று நமக்கு ஒன்றுமில்லை. அன்று கூலி வேலைக்குப் போகிற ஒருவன் கையில் குடை இருப்பது பெரிய விஷயம். மலைநாட்டுத் தோட்டத்துக்குப் போகிறவனுக்கு மழைக்குக் குடை தருகிறேன் என்றால் அவன் மனசு எப்படி அடித்துக்கொள்ளும் என்று யோசியுங்கள். வாடிக்கைக்காரனிடம் வாங்க வேண்டியவன் கொடுக்க ஆரம்பித்தான். இன்றைக்குச் செல்போனில் முதல் ஆர்டருக்கு இருநூறு ரூபாய் தள்ளுபடி என்று வருகிறதே, அதே வித்தைதான். என் பேத்தி அதில் சாமான் வாங்குகிறாள், நானும் "சரிம்மா" என்கிறேன். அதனால் அதிகம் பேசமாட்டேன்.

ஆக, அந்தக் கப்பல் துறையில் இரண்டு கப்பல் நிற்கிறது. ஒன்றில் சும்மா ஏறலாம், குடையும் உண்டு. மற்றதில் எட்டணா. அந்த எட்டணா டிக்கெட்டை எடுத்தவன் ஒரே கையால் இரண்டு காரியம் செய்தான். பயணக் கூலி கொடுத்தான். அந்தக் கூலிக்குள்ளேயே கம்பெனி பிழைக்க ஒரு பங்கும் போட்டான். ஆனால் அது அவன் கையில் தர்மமாகத் தெரியவில்லை, டிக்கெட்டாகத் தெரிந்தது. வ.உ.சி.யின் சாமர்த்தியம் அங்கேதான் என்று நினைக்கிறேன். பெரிய மேடைப் பேச்சையெல்லாம் எட்டணாவாக மாற்றி ஒரு சாதாரண மனிதனின் கையில் கொடுத்தார். மேடையில் ஏற அவனுக்கு வழியில்லை, கப்பலில் ஏற முடியும்.

வியாபாரிகளின் நிலைமை இதைவிடச் சிக்கல். பயணி ஒரு தடவை போகிறான். சரக்கு அனுப்புகிறவன் வாராவாரம் அனுப்பவேண்டும். இன்றைக்குச் சுதேசிக் கப்பலில் நாற்பது மூட்டை ஏற்றினால், நாளைக்கு அந்தக் கப்பல் பழுதாகி நிற்கும்போது பழைய கம்பெனி வாசலில் போய் நிற்கவேண்டிவரும். அப்போது அங்கே என்ன மரியாதை கிடைக்கும்? இது தெரிந்தும் ஏற்றினார்கள். ஊர் வியாபாரிகள் பங்கும் எடுத்தார்கள், சரக்கும் கொடுத்தார்கள். தன் பணம் போட்ட கப்பலிலேயே தன் மூட்டையை ஏற்றி அதற்குக் கூலியும் கொடுத்தவனை முதலாளி என்பதா, வாடிக்கைக்காரன் என்பதா? நம் ஊர் ஆட்கள் அந்த விசாரத்தில் இறங்கவில்லை. மூட்டையை ஏற்றினார்கள்.

1908 பிப்ரவரிக் கடைசியில் கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம். அப்போது ஊரில் நடந்தது இந்தக் கதைக்கு மறுபக்கம். கடைக்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்க மறுத்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒருவருக்குப் பாதிச் சவரத்தில் கத்தியை மடித்து வைத்துவிட்டு, மீதிக்கு வேறு ஆளைப் பாரும் என்று சவரத் தொழிலாளி சொல்லிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. வாங்குகிறவன் கைகொடுத்துத் தூக்கியது ஒரு பக்கம் என்றால், விற்கிறவன் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு கையை எடுத்தது இன்னொரு பக்கம். நான் வகுப்பில் இந்தப் பாதிச் சவரத்தைச் சொல்லும்போது நீங்களெல்லாம் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறதா?

வேலைநிறுத்தம் வென்றது. அந்த மகிழ்ச்சி சில நாள்தான். 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தது உங்களுக்குத் தெரிந்ததே.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான பகுதி. பாடப்புத்தகத்தில் "கம்பெனி நலிவுற்றது" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிடுவோம். எப்படி நலிவுற்றது? கப்பல் ஓட்டையாகவில்லை. கடல் வற்றவில்லை. கொழும்புக்குப் போகிற ஜனமும் குறையவில்லை. ஏறவேண்டியவர்கள் ஏறவில்லை, அவ்வளவுதான். மார்ச் 12-க்கு முன்னால் சுதேசிக் கப்பலில் ஏறுவது பெருமை. அதற்குப் பின்னால் யார் ஏறுகிறார்கள் என்று கவனிக்கப் போலீஸ் நிற்கிற இடம். துறைமுகம் சர்க்கார் கையில், ரயில் சர்க்கார் ஆதரவில், வியாபாரியின் லைசென்சும் வழக்கும் சர்க்கார் மேஜையில். குடும்பம் உள்ளவன் பயப்படமாட்டானா?

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். புரவலராகவும் இருக்கிற வாடிக்கைக்காரர்களை நம்பி நடக்கும் வியாபாரத்துக்குப் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். விலை பார்த்து வருகிற வாடிக்கைக்காரன் மறுபடியும் விலை பார்த்தே வருவான், அவனைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். மனசு பார்த்து வருகிறவனை அப்படிக் கணக்குப் போட முடியாது. பத்து தடவை குடையை வேண்டாம் என்றவனுக்குப் பதினோராவது தடவை வீட்டில் ஒரு கஷ்டம் வரும். வ.உ.சி. வெளியே இருந்தவரை ஒவ்வொரு வாரமும் அந்த மனசுக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போனதும் கப்பலுக்கு மட்டுமில்லை, அதற்கும் கரி போட ஆளில்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களில் ஒன்று அந்த எதிரிக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. எந்தக் கப்பலில் ஏறுவதற்காகக் குடையை வேண்டாம் என்றார்களோ அந்தக் கப்பலே குடை கொடுத்தவன் கைக்குப் போயிற்று. இதைச் சிறையில் இருந்துகொண்டு கேட்ட மனிதர் எப்படித் தாங்கினாரோ.

1912 டிசம்பரில் விடுதலை. வாசலில் காத்திருந்தவர்கள் மிகச் சிலர், சுப்பிரமணிய சிவா அவர்களில் ஒருவர். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் அரிசிக் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்காகப் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915-இல் காந்தி இந்தியா வந்தபிறகு அந்தப் பணத்தைப் பற்றி இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1916-இல் அது கைக்கு வந்தது. ரூபாய் 347, அணா 12. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் தூத்துக்குடிக் கப்பலைக் கண்ணால் பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள். இங்கே கப்பலில் போய்வந்த நாங்கள் (நான் பிறக்காத காலம்தான், இருந்தாலும் 'நாங்கள்' என்றுதான் வருகிறது) என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திருப்பிக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்கு வ.உ.சி. தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். குடை கொடுத்த இனத்திலும் அப்படி ஒருவர். 1936 நவம்பரில் கடன் சுமையோடுதான் தூத்துக்குடியில் அவர் கண்மூடினார்.

ஏறாமல் போனவர்களை நான் திட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு எழுதியபிறகு அதை மறைத்தால் சரியாக இருக்காது.

1985-இல் எங்கள் ஊர் பஜாரில் பெரிய கடை ஒன்று திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, மின்விசிறி, அச்சடித்த பில். திறப்பு விழாச் சலுகையாக நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஓர் எவர்சில்வர் டம்ளர் இலவசம். எனக்கு அப்போது வாத்தியார் சம்பளம், இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அப்பா கடையில் சீனி கிலோவுக்கு ஐந்து பைசா, பத்து பைசா கூடத்தான் இருக்கும். சின்னக் கடைக்குக் கட்டாது. "ஒரு மாசம் மட்டும்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு நான்தான் அங்கே போனேன், அவள் போகவில்லை. இரண்டு டம்ளர் கிடைத்தது.

அந்த வாரம் அப்பா வீட்டுக்கு வந்தார். பேரப்பிள்ளைகளுக்கு முறுக்குக் கொண்டுவந்திருந்தார். என் மனைவி யோசிக்காமல் அந்தப் புது டம்ளரில் காபி கொடுத்துவிட்டாள். அடியில் கடையின் பெயர் பொறித்திருந்தது. அப்பா குடித்து முடித்தார், டம்ளரைத் திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார். "சீனி அங்க என்ன வெலை?" என்று கேட்டார். சொன்னேன். "ம், நமக்கு அந்த வெலைக்குக் கட்டாது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

போஸ்ட் மாஸ்டர் தாத்தா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவர் இருந்திருந்தால் அந்தப் பெரிய கடைக்குப் போயிருக்கமாட்டார் என்று சத்தியம் செய்வேன். ஆனால் என்னைப் பற்றி அப்படிச் சத்தியம் செய்ய முடியாமல் போயிற்றே. அப்பா 1991-இல் கடையை மூடினார். பற்று நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். தாத்தாவின் கணக்கு இருந்த பக்கங்களை மட்டும் கிழித்து வைத்திருந்தார். இப்போது அவை என் அலமாரியில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் தாத்தாவுக்கு நாங்கள் தரவேண்டிய மீதி ஏழு ரூபாய் இருபது பைசா நிற்கிறது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். போன வருஷம் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கப்பல் பார்க்கவேண்டும் என்றான். தூரத்தில் ஒரு பெரிய சரக்குக் கப்பல் நின்றது. "தாத்தா, அது யாரோடது?" என்றான். "தெரியலடா" என்றேன்.

இனி, மூன்றாவது பெஞ்சுக்காரனுக்கு. உன் பெயரை இங்கே போடமாட்டேன், படித்தால் உனக்கே தெரியும். அன்று நான் சொன்ன பதில் பொய் இல்லை, ஆனால் அரைகுறை. எட்டணா கொடுத்தவர்கள் எல்லோரும் பெரிய தேசபக்தர்களாக இருந்திருக்கமாட்டார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரர் பங்கு வாங்கியிருக்கிறார் என்பதற்காக ஏறியிருப்பார்கள். சிலர் வக்கீல் பிள்ளைவாளின் முகத்துக்காக. சிலருக்கு அந்த வெள்ளைக்காரக் கப்பலில் எப்போதோ பட்ட அவமானம். போகும்போது நம் கப்பலில் போய்விட்டுத் திரும்பும்போது குடையோடு வந்து இறங்கியவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்கள் கொடுத்த எட்டணாவும் எட்டணாதான், அதுவும் கரியாக எரிந்து கப்பலைக் கொழும்புவரை கொண்டுபோயிருக்கும். உன் அப்பா அந்தத் துறையில் நின்றிருந்தால் எந்தக் கப்பலில் ஏறியிருப்பார் என்று நீ அன்று யோசித்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. நான் எதில் ஏறினேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

வேறு கேள்வி இருந்தால் கீழே கேள். இந்தத் தடவை உட்காரச் சொல்லமாட்டேன்.